தானக் கருவிழியில் பாக்டீரியா: எங்கிருந்து வருகிறது, எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது?

இறந்தவரின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டு இன்னொருவரின் கண்ணில் பொருத்தப்படும் கருவிழி, அறுவை சிகிச்சை மேசைக்கு வந்து சேரும்போதும் முற்றிலும் கிருமியற்ற பொருளாக இருப்பதில்லை. அதே மேசையில் உள்ள கத்தி, ஊசி, தையல் நூல், துணி ஆகிய அனைத்தும் நீராவியாலோ வாயுவாலோ கதிர்வீச்சாலோ கிருமி நீக்கம் செய்யப்பட்டவை. நோயாளியின் கண்ணில் நிரந்தரமாகத் தங்கப்போகும் கருவிழி மட்டும் அந்த வழியைக் கடக்காமல் வருகிறது. முதன்முறை கேள்விப்படுபவருக்கு இது அதிர்ச்சி தரலாம். கண் வங்கியில் பணிபுரிவோருக்கோ இது அன்றாடச் செய்தி. அவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி, அடியோடு ஒழிக்க முடியாத கிருமிகளின் எண்ணிக்கையைப் பெறுநரின் கண் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குறைப்பதுதான். அந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அது சறுக்கக்கூடும், சறுக்கினால் என்ன செய்கிறார்கள் என்பதை மருத்துவப் பின்னணி இல்லாதவரும் புரிந்துகொள்ளும்படி இங்கே பார்க்கலாம்.

ஏன் கிருமி நீக்கம் செய்ய முடியாது என்பதற்கான விடை கருவிழியின் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணின் முன்புறம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் இந்தத் திசுவின் குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெளிப்புறத்தில் எபிதீலியம் என்னும் செல் அடுக்கும், நடுவில் கொலாஜன் இழைகள் நிறைந்த ஸ்ட்ரோமாவும், உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனமுள்ள எண்டோதீலியமும் உள்ளன. இவற்றுக்கிடையே மெல்லிய சவ்வுகளும் உண்டு. எண்டோதீலியத்தின் பணி, ஸ்ட்ரோமாவுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும் நீரை இடைவிடாமல் வெளியேற்றுவது. அந்தச் செல்கள் இறந்துபோனால் கருவிழி நீர் கோத்துத் தடித்து, வெண்மையாகி, ஒளியை உள்ளே விடாது. வளர்ந்த மனிதரில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2500 என்ற கணக்கில் இருக்கும் இந்தச் செல்கள், இழக்கப்பட்டால் பெருகி அந்த இடத்தை நிரப்புவதில்லை. எஞ்சியவை அகன்று பரவி இடைவெளியை மூடுகின்றன, அவ்வளவுதான். ஆகவே நன்கொடையாளரிடமிருந்து வருகிற செல்களின் இருப்புதான் பெறுநருக்குப் பல ஆண்டுகளுக்கான கையிருப்பு. பாக்டீரியாவைக் கொல்லும் வெப்பம், வாயு, காமா கதிர் ஆகிய எதுவும் இந்தச் செல்களை விட்டுவைக்காது.

காமா கதிரால் கிருமி நீக்கப்பட்ட கருவிழிகளும் இருக்கின்றன என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கண் நரம்பைப் பாதிக்கும் நோயான குளுக்கோமாவின் சிகிச்சையில் பொருத்தப்படும் குழாயின் மேல் மூடியாகவும், ஓட்டை விழுந்த கண்ணை அவசரமாக அடைக்கவும் அவை பயன்படுகின்றன. அங்கே தேவைப்படுவது உறுதியான ஒரு திசு. உயிருள்ள எண்டோதீலியம் தேவையில்லை. பார்வையைத் தெளிவாக்குவதற்காகக் கருவிழியை முழுக்கனத்தில் மாற்றும்போதோ, உள்ளடுக்கை மட்டும் மாற்றும்போதோ, இறந்த திசு பயன்படாது.

சேமிப்பு என்ற ஒன்று வந்த பிறகுதான் பாக்டீரியாவின் பிரச்சினை இன்றைய வடிவத்தைப் பெற்றது எனலாம். 1905 டிசம்பரில், இன்றைய செக் குடியரசிலுள்ள ஓலமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், மனிதரிடமிருந்து மனிதருக்கு முதன்முதலில் வெற்றிகரமாகக் கருவிழியைப் பொருத்தியபோது, அந்தத் திசு எங்கும் காத்திருக்கவில்லை. காயத்தால் பார்வையிழந்த ஒரு சிறுவனிடமிருந்து அகற்ற வேண்டியிருந்த கண்ணிலிருந்து எடுத்து அப்படியே பொருத்தினார். இறந்தவர்களின் கண்களைப் பயன்படுத்தும் முறை பரவி, 1944-ல் நியூயார்க்கில் முதல் கண் வங்கி தொடங்கப்பட்ட பிறகு, கண்ணை எடுக்கும் இடமும் பொருத்தும் இடமும் பிரிந்தன. இடையில் மணிக்கணக்கும் பின்னர் நாட்கணக்கும் ஓடத் தொடங்கின. அந்த இடைவெளி அறுவை மருத்துவருக்குத் திட்டமிடுவதற்கான அவகாசத்தைக் கொடுத்தது. கருவிழியோடு ஒட்டிக்கொண்டு வந்த கிருமிகளுக்கும் அதே அவகாசம் கிடைத்தது.

கிருமிகள் வரும் வழிகள்

உயிரோடிருக்கும் எந்தக் கண்ணின் மேற்பரப்பும் கிருமியற்றதன்று. இமை விளிம்பிலும் வெள்ளை விழியை மூடியிருக்கும் இணைப்படலத்திலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற தோல்வாழ் பாக்டீரியாக்களும், கொரினிபாக்டீரியம், கியூட்டிபாக்டீரியம் இனங்களும் சிறிய எண்ணிக்கையில் எப்போதும் குடியிருக்கின்றன. அவை தொல்லை தராமல் இருப்பதற்குக் காரணம், சில நொடிகளுக்கு ஒருமுறை நாம் இமைப்பதும், அந்த இமைப்பு கண்ணீரைப் பரப்பி அழுக்கைக் கழுவி மூக்கின் பக்கம் வடித்துவிடுவதும்தான். கண்ணீரிலேயே பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்னும் நொதியும், இரும்பைப் பற்றிக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லாக்டோஃபெரினும், எதிர்ப்புரதங்களும் உள்ளன. பின்னாளில் பெனிசிலினால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு முன்பே 1922-ல் லைசோசைமை விவரித்தபோது, அவரது சோதனைகளுக்குக் கண்ணீரே ஒரு முக்கியமான மூலப்பொருளாக இருந்தது.

மரணத்தோடு இந்தக் காவல் முழுவதும் நின்றுவிடுகிறது. இமைப்பு இல்லை, புதிய கண்ணீர் இல்லை, இரத்த வெள்ளணுக்கள் வந்து சேர வழியில்லை. இமைகள் சற்றே திறந்திருந்தால் கருவிழியின் மேற்பரப்பு வறண்டு, எபிதீலியம் உரிந்து, கிருமிகள் ஒட்டிக்கொள்ள ஏற்ற இடமாகிவிடும். உடல் இன்னும் சூடாக இருக்கும் முதல் சில மணி நேரம்தான் மிகவும் கவலைக்குரியது. சாதகமான வெப்பநிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா, கணக்குப்படி ஏழு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து 20 லட்சத்தைத் தாண்டிவிடும். கண்ணின் மேற்பரப்பில் ஊட்டம் குறைவென்பதால் உண்மையில் அவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் விலை உண்டு என்பதை இந்தக் கணக்கு உணர்த்தும். கண் தானம் செய்ய விரும்பும் குடும்பத்தினரிடம், இறந்தவரின் இமைகளை மூடி வையுங்கள், நெற்றியிலும் மூடிய இமைகளின் மீதும் ஈரத்துணியோ பனிக்கட்டிப் பொதியோ வையுங்கள், தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள், உடனே கண் வங்கியை அழையுங்கள் என்று சொல்வதன் பின்னணி இதுவே. எளிமையான இந்த அறிவுரைகள், பின்னர் கருவிழியைச் சேமிக்கப் பயன்படுத்தும் திரவமான விலையுயர்ந்த ஊடகத்துக்குச் சற்றும் குறையாத பயனைத் தருகின்றன என்பது என் கருத்து.

மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்து இறந்தவரின் கண்ணில் வேறு வகைக் கிருமிகளும் இருக்கக்கூடும். செயற்கைச் சுவாசத்தில் உணர்வின்றிக் கிடப்பவருக்கு இமைகள் முழுமையாக மூடாமல் போவதுண்டு. மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுக்கப்படும் சளியின் துளிகள் முகத்தில் தெறிக்கவும் வாய்ப்புண்டு. இதனால் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற, மருத்துவமனைச் சூழலில் பல மருந்துகளுக்கு அடங்காமல் பழகிவிட்ட கிருமிகள் கண்ணில் குடியேறலாம். இரத்தத்தில் கிருமி பரவிய செப்சிஸ் நிலையில் இறந்தவர்களின் கண்களைப் பல கண் வங்கிகளின் விதிகள் ஏற்பதில்லை. கருவிழிக்குள் இரத்தக் குழாய் இல்லாவிட்டாலும், அதன் விளிம்பைச் சுற்றி நுண்குழாய்கள் உள்ளன. கண்ணுக்குள் இருக்கும் திரவமும் இரத்தத்திலிருந்து உருவாவதே. நன்கொடையாளரின் மருத்துவக் குறிப்புகளைப் படிப்பதும், எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்வதும் இந்தத் தேர்வின் பகுதிகள். வைரஸ்களுக்கு இருப்பது போல, கண்ணில் பாக்டீரியா இல்லை என்று சான்றளிக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. எனவே எந்தக் கண்ணையும் பாக்டீரியா உள்ளதாகவே கருதி வேலையைத் தொடங்குகிறார்கள்.

அயோடினும் கத்தரிக்கோலும்

அந்த வேலையில் முதலிடம் போவிடோன் அயோடினுக்கு. அறுவை அரங்குகளில் தோலில் தடவப்படும் பழுப்பு நிறத் திரவமே இது. கண்ணுக்கு வழக்கமாக 5 விழுக்காட்டுக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். 1980-களில் லியோனார்ட் ஆப்டும் ஷெர்வின் ஐசன்பெர்கும் அறுவை சிகிச்சைக்கு முன் கண்ணில் இதைச் சொட்டினால் இணைப்படலத்துப் பாக்டீரியாக்கள் வெகுவாகக் குறைகின்றன என்று காட்டிய பிறகு, உயிருள்ளவர்களின் கண் அறுவை சிகிச்சையிலும் இது நிலைபெற்றுவிட்டது. நன்கொடையாளரின் கண்ணில் இமைகளைத் திறந்து, உப்புநீரால் சளியையும் தூசியையும் கழுவி, அயோடின் கரைசலைக் கண்ணின் மேற்பரப்பு முழுவதும், இமைகளின் உள் மடிப்புகளிலும் படும்படி ஊற்றி, சில நிமிடங்கள் காத்திருந்து, மீண்டும் உப்புநீரால் கழுவிவிடுவது பொதுவான முறை. ஒருமுறைக்கு இருமுறையாக இதைச் செய்வதைப் பல கண் வங்கிகள் இப்போது வழக்கமாக்கியுள்ளன.

இதில் ஒவ்வொரு சிறு செயலுக்கும் காரணம் உண்டு. கிருமியைக் கொல்வது போவிடோனோடு பிணைந்திருக்கும் அயோடின் அன்று. அந்தப் பிணைப்பிலிருந்து மெதுவாக விடுபட்டுக் கரைசலில் சுதந்திரமாகத் திரியும் அயோடினே. இரத்தமும் சளியும் அந்த அயோடினைத் தாமே செலவழித்துவிடும் என்பதால்தான் முதலில் கழுவுகிறார்கள். வினோதமாகத் தோன்றும் இன்னொரு செய்தி, அடர்ந்த கரைசலை நீர்க்கச் செய்யும்போது தனி அயோடினின் அளவு ஓரளவுக்குக் கூடுகிறது என்பது; ஆகவே வலுவான கரைசல்தான் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லுபடியாகாது. ஆனால் அதிகம் நீர்த்த கரைசலில் கையிருப்பு குறைவென்பதால் அது விரைவில் தீர்ந்துபோகும். எந்தக் கரைசலானாலும் ஊற்றிய கையோடு துடைத்துவிட்டால் பயன் குறைவு. கிருமியோடு அது தொடர்பில் இருக்கும் நேரமே விளைவைத் தீர்மானிக்கிறது. அவசரத்தில் சுருக்கப்படக்கூடிய படியும் இதுவே. இறுதியாகக் கழுவுவதையும் விட்டுவிட முடியாது. தங்கிப்போகும் அயோடின் கருவிழியின் செல்களுக்கே நஞ்சு.

கழுவிய பிறகு கண் முழுவதையுமோ, கருவிழியை மட்டும் சுற்றியுள்ள வெள்ளை விழியின் ஒரு வளையத்தோடு சேர்த்தோ எடுக்கிறார்கள். இரண்டாவது முறையில், கருவிழியின் விளிம்பை ஒட்டிய இணைப்படலத்தைச் சுற்றிலும் கத்தரித்து ஒதுக்கிவிடுவார்கள். கிருமிகள் பெரிதும் தங்கியிருப்பது அந்த மெல்லிய, மடிப்புள்ள திசுவில்தான். பிறகு விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியை வட்டமாக வெட்டி, உள்ளே, கண்ணின் நிறமுள்ள வளையமான ஐரிஸோடு ஒட்டியிருக்கும் பகுதியை மென்மையாகப் பிரித்து, கருவிழி மடங்காமல் தூக்கி எடுத்து, ஊடகம் நிரம்பிய குப்பிக்குள் இறக்க வேண்டும். மடங்கினால் எண்டோதீலியம் உதிரும். இமையிலோ தோலிலோ பட்ட கருவியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனால், இதுவரை கழுவியதெல்லாம் வீண். கண்ணை முழுதாக எடுத்துவந்தால், இந்த வெட்டும் வேலையை ஆய்வகத்தில் வடிகட்டிய காற்று ஓரே சீராகப் பாயும் மேடையின் கீழ்ச் செய்யலாம் என்ற வசதி இருக்கிறது.

குளிரில் உறங்கும் கிருமி

குப்பியில் இருக்கும் ஊடகம், உப்புகளும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும், ஸ்ட்ரோமா நீர் கோக்காமல் தடுக்கும் டெக்ஸ்ட்ரான் போன்ற பொருள்களும் கலந்த திரவம். 1974-ல் பெர்னார்ட் மெக்கேரியும் ஹெர்பர்ட் காஃப்மனும் அறிமுகப்படுத்திய ஊடகம் கருவிழியைச் சுமார் நான்கு நாட்கள் வைத்திருக்க உதவியது. பின்னர் வந்த ஆப்டிசால்-ஜிஎஸ் போன்றவை அந்தக் கெடுவை 14 நாட்களாக்கின. இவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், குளிர்பெட்டியில் வைக்கப்படுகின்றன. ஆப்டிசால்-ஜிஎஸ் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் அதில் சேர்க்கப்பட்ட ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் இரண்டு ஆண்டிபயாடிக்குகளைக் குறிக்கின்றன.

குளிரும் மருந்தும் சேர்ந்திருப்பதால் கிருமிகள் கதையே முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மருந்தின் வேலையைக் குளிரே கெடுக்கிறது. குளிர், பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அதன் செயல்களை மந்தமாக்கிப் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது. ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் அடங்கிய அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகளோ, பாக்டீரியா ஆற்றலைச் செலவழித்துத் தானே உள்ளிழுத்துக்கொண்டால்தான் அதற்குள் நுழைய முடியும். நுழைந்த பிறகு, அது புரதம் தயாரிக்கும் இடத்தில் குறுக்கிட்டுக் கொல்லும். 4 டிகிரியில் உறங்கிக்கொண்டிருக்கும் கிருமி எதையும் உள்ளிழுப்பதுமில்லை, புரதம் தயாரிப்பதுமில்லை. எனவே குப்பிக்குள் மருந்தும் கிருமியும் அருகருகே நாட்கணக்கில் இருந்தும் ஒன்றும் நடக்காமல் போகலாம். அறுவை சிகிச்சைக்கு முன் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ அறை வெப்பத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்: கிருமிகள் விழிக்கும், விழித்ததும் மருந்தை உள்ளிழுக்கும். குளிர்ந்த குப்பியிலிருந்து எடுத்த கருவிழியை அப்படியே 37 டிகிரி வெப்பமுள்ள கண்ணுக்குள் வைத்தால், கிருமி விழிப்பது மருந்திலிருந்து பிரிந்த பிறகாகிவிடும். தானக் கருவிழி பற்றிப் பொதுவாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியல்களில் இதைவிடச் சுவையானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெப்பப்படுத்தினாலும் தப்பும் கிருமிகள் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களில், அமினோகிளைக்கோசைடை உள்ளிழுக்கத் தேவையான ஆக்சிஜன் சார்ந்த ஆற்றல் அமைப்பு இல்லாததால், இந்த மருந்துகள் அவற்றின் மீது பலவீனமாகவே வேலை செய்கின்றன. மருத்துவமனையில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட சூடோமோனாஸ் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். பூஞ்சைகளுக்கு எதிராக இந்த ஆண்டிபயாடிக்குகள் எதையும் செய்யா. அதனால் கேண்டிடா என்னும் பூஞ்சை, பாக்டீரியாக்கள் அடக்கப்பட்ட இடத்தில் எளிதாகத் தங்கிவிடுகிறது. குளிர் ஊடகத்தில் பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் சேர்க்கலாமா என்ற கேள்வியைப் பல ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய மருந்தான ஆம்ஃபோடெரிசின் பி-யின் அளவு கூடினால் எண்டோதீலியத்துக்கும் கேடு என்பதே அங்கே தயக்கம்.

ஐரோப்பாவின் பல கண் வங்கிகள் இதற்கு நேரெதிரான வழியைப் பின்பற்றுகின்றன. அங்கே கருவிழியை 31 முதல் 37 டிகிரி வெப்பநிலையில், ஆண்டிபயாடிக்குகளும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் நான்கு வாரம் வரை வைத்திருக்கிறார்கள். சூட்டில் வைத்தால் கிருமி பெருகாதா என்ற கேள்வி உடனே எழும். பெருகட்டும் என்பதே இம்முறையின் தர்க்கம்: மருந்துக்கு அடங்கும் கிருமி அந்த வெப்பநிலையில் உண்மையாகவே கொல்லப்படும், அடங்காதது ஊடகத்தைக் கலங்கச் செய்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சில நாட்கள் கழித்து ஊடகத்தின் மாதிரியை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்து, கிருமி தெரிந்தால் அந்தக் கருவிழியை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே மாசுபட்ட திசு நோயாளியை அடைவதற்கு முன்பே பிடிபட வாய்ப்பு அதிகம். மறுபுறம், இதற்கு நுண்ணுயிரியல் ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை. சூட்டில் வைத்த கருவிழி நீர் கோத்துத் தடித்துவிடுவதால், அனுப்புவதற்கு முன் டெக்ஸ்ட்ரான் ஊடகத்துக்கு மாற்றி அதை மீண்டும் மெலியச் செய்ய வேண்டும். எளிமையும் குறைந்த செலவும் குளிர் முறையின் பக்கமே இருக்கின்றன.

குளிர் ஊடகத்திலும் ஒரு எச்சரிக்கை அடையாளம் உண்டு. பல ஊடகங்களில் பீனால் ரெட் என்னும் சாயம் கலந்திருப்பதால் அவை இளஞ்சிவப்பாகத் தெரியும். பாக்டீரியா சர்க்கரையைச் சிதைத்து அமிலத்தை உண்டாக்கினால் அந்த நிறம் மஞ்சளாக மாறும். குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறம் மாறியிருக்கிறதா, திரவம் கலங்கியிருக்கிறதா, மூடியின் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த அறுவை மருத்துவரும் அதைத் திறக்கக் கூடாது. ஆனால் தெளிவாக இருக்கும் திரவம் நிம்மதிக்கான சான்று ஆகாது. குளிரில் உறங்கும் சில ஆயிரம் பாக்டீரியாக்கள் நிறத்தையும் மாற்றாது, கலங்கலையும் காட்டாது.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

அறுவை அரங்கில் மருத்துவர் கருவிழியை உட்புறம் மேலே தெரியும்படி ஒரு குழிந்த கட்டையில் வைத்து, வட்டக் கத்தியால் வழக்கமாக 7.5 முதல் 8.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வில்லையை வெட்டி எடுக்கிறார். நோயாளிக்குப் பொருத்தப்படுவது அந்த வில்லை. அதைச் சுற்றி வளையமாக எஞ்சும் விளிம்பைச் சில மருத்துவமனைகள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்புகின்றன. அங்கே அது இரத்த அகர் போன்ற தட்டுகளிலும் திரவ ஊடகத்திலும் வைக்கப்பட்டு, என்ன வளர்கிறது என்று பல நாட்கள் கவனிக்கப்படுகிறது. விடை வரும்போது வில்லை ஏற்கெனவே நோயாளியின் கண்ணில் தைக்கப்பட்டிருக்கும். எனவே இந்தச் சோதனையால் மாசைத் தடுக்க முடியாது. தொற்று வந்தால் எந்த மருந்தில் தொடங்குவது என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.

வளையத்தில் பாக்டீரியா வளர்ந்தது என்ற அறிக்கை எவ்வளவு கவலைக்குரியது? வெவ்வேறு மையங்கள் வெளியிட்ட ஆய்வுகளில் இப்படி வளர்ச்சி தெரிந்த விழுக்காடு ஒற்றை இலக்கத்திலிருந்து முப்பதைத் தாண்டியும் சென்றிருக்கிறது. கழுவும் முறையும் சோதிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுவதே இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம். ஆனால் கருவிழி மாற்றுக்குப் பிறகு கண்ணுக்குள் தொற்று ஏற்படுவோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் மையம். திசுவில் கிருமி இருப்பது வேறு, அந்தக் கிருமி புதிய கண்ணில் வேரூன்றிப் பெருகி அழிவை உண்டாக்குவது வேறு. அறுவையின் முடிவில் கொடுக்கப்படும் ஆண்டிபயாடிக்கும், பின்னர் போடப்படும் சொட்டு மருந்தும், பெறுநரின் நோயெதிர்ப்பும், வந்த கிருமியின் எண்ணிக்கையும் குணமும் இடையில் நிற்கின்றன. தோல்வாழ் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஓரிரண்டு வளர்ந்திருப்பதற்கும், மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் வளர்ந்திருப்பதற்கும் ஒரே பொருள் கிடையாது. பூஞ்சை வளர்ந்தால் நிலைமை இன்னும் கவனத்துக்குரியது. பாக்டீரியா வளர்ச்சியைவிடப் பூஞ்சை வளர்ச்சியே பிந்தைய தொற்றோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டிருக்கிறது, அதுவும் வாரங்கள் கழித்துத் தலைகாட்டக்கூடும். அறுவைக்குப் பிறகு தரப்படும், கிருமியைத் தடுக்கும் மருந்து என்று சிலர் தவறாக எண்ணிக்கொள்ளும் ஸ்டீராய்டு, பொருத்திய திசுவை உடல் நிராகரிப்பதைத் தடுப்பதற்கானது. அது கண்ணின் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தி வைப்பதால், தொற்றின் முதல் அறிகுறிகளை மறைக்கவும் செய்யும்.

எதிர்ப்பக்கத்திலும் பிழைக்கு இடமுண்டு. எதுவும் வளரவில்லை என்ற அறிக்கை, திசுவில் ஊறியிருந்த ஆண்டிபயாடிக் சோதனைத் தட்டுக்கும் வந்து வளர்ச்சியைத் தடுத்ததால் கிடைத்ததாக இருக்கலாம். இந்த இரு காரணங்களாலும், எல்லா விளிம்புகளையும் வழக்கமாகச் சோதிப்பதில் பயன் உண்டா என்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பூஞ்சைக்காகவாவது அதைச் செய்வது தகும் என்பது என் சார்பு.

தொற்று உண்மையிலேயே ஏற்பட்டால் அதன் மிகக் கடுமையான வடிவம் எண்டோஃப்தால்மைடிஸ், அதாவது கண்ணின் உட்புறம் முழுவதும் பரவும் அழற்சி. வலி கூடிக்கொண்டே போவது, கண் சிவப்பது, பார்வை திடீரென மங்குவது, கருவிழிக்குப் பின்னால் அடியில் வெண்மையாகச் சீழ் மட்டம் தெரிவது ஆகியவை அடையாளங்கள். பாக்டீரியாவால் வந்தால் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தெரியும். இதைக் காலை வரை தள்ளிப்போடக் கூடாது. கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுத்துவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல், வேன்கோமைசின், செஃப்டாசிடைம் என்னும் இரண்டு ஆண்டிபயாடிக்குகளும் கண்ணின் உட்குழிக்குள் நேரடியாக ஊசியாகச் செலுத்தப்படுவது பரவலான முறை. ஆய்வகச் சாயத்தை ஏற்கும் விதத்தைக் கொண்டு பாக்டீரியாக்களைப் பிரிக்கும் இரண்டு பெரும் வகைகளில், முதலாவது மருந்து கிராம் பாசிட்டிவ் வகையையும் இரண்டாவது கிராம் நெகட்டிவ் வகையையும் நோக்கியது. உள்ளடுக்கை மட்டும் மாற்றும் புதிய அறுவைகளில், திசுவை அடுக்குகளாகப் பிரிக்கும் வேலை கண் வங்கியிலேயே நடக்கும்போது, கையாளும் தடவைகளும் குளிருக்கு வெளியே இருக்கும் நேரமும் கூடுகின்றன; பொருத்திய அடுக்குக்கும் நோயாளியின் கருவிழிக்கும் நடுவில் கிருமி சிக்கிக்கொண்டால் சொட்டு மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை.

இத்தகைய தொற்று ஒன்று உறுதியானால், அறுவை மருத்துவர் உடனடியாகக் கண் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவர் தானம் செய்வது இரண்டு கருவிழிகள். அவை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு நோயாளிகளுக்கு, சில சமயம் இரண்டு வெவ்வேறு ஊர்களிலுள்ள மருத்துவமனைகளுக்குப் போகின்றன. ஒரே உடலிலிருந்து, ஒரே நாளில், ஒரே கைகளால், ஒரே கரைசலில் கழுவி எடுக்கப்பட்டவை என்பதால், ஒன்றில் வந்தது மற்றொன்றிலும் இருக்கக்கூடும். குப்பியில் ஒட்டப்பட்டிருக்கும் அடையாள எண்ணைக் கொண்டு இரண்டாவது கருவிழி எங்கே போனது என்று கண் வங்கி தேடி, அதன் மருத்துவரை அழைத்து, வளர்ந்த கிருமியின் பெயரையும் அது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதையும் சொல்கிறது. அந்த நோயாளியை, எந்தத் தொல்லையும் தெரியாத நிலையிலேயே, அன்றைக்கே வரவழைத்துக் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள்.